வண்ணம் கூடுதல்

மாமனார், கையில் பேனாக்கத்தி. மாமியார், அரிவாள்மணையில். என் வீட்டுக்காரர், பாதியாக ஒடித்த பிளேடோடு. நாத்தனார், பெஞ்சில், வலது காலைத் தலையணை மேல் நீட்டியபடி. நான், சுளகோடு. தொட்டிலில் என் மகன்.

அன்று சாயங்காலம் இருந்தவர்கள் இவ்வளவுதான். நடுவில் பழைய பேப்பரை விரித்து, அதன் மேல் பென்சில்கள். எதை வைத்து எப்படிச் சீவினால் சரி என்று பார்க்கத்தான் உட்கார்ந்திருந்தோம். சீவின தூள் தரையில் பரவக்கூடாது என்று சுளகை என்னிடம் கொடுத்திருந்தார்கள்.

முதலில் இருந்து சொல்ல வேண்டும்.

எங்கள் வீடு ஆரியசாலையில், மொத்தக் கடைகளுக்குப் பின்னால் உள்ள சந்தில் இருந்தது. முன்கதவைத் திறந்தால் மிளகாய் நெடி. பின்கதவைத் திறந்தால் வெல்லத்து ஈ. மாமனார் மிளகாய் மண்டியில் கணக்குப் பார்த்தார். வீட்டுக்காரருக்கு அதே மண்டியில் சரக்கு இறக்குகிற பக்கம் வேலை. அவர்கள் நாஞ்சில் நாட்டுக்காரர்கள், திருவனந்தபுரத்துக்கு வந்து வெகு காலம் ஆகிவிட்டது. நான் அம்பாசமுத்திரத்துப் பக்கம். கல்யாணமாகி வந்து இரண்டு வருஷம். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றவள். மலையாளம் காதில் விழும். பாதி பிடிபடும். திருவாங்கூரும் கொச்சியும் ஒன்றாகிக் கொஞ்ச காலம் ஆன சமயம் அது.

நாத்தனார் இங்கேயே பிறந்து மலையாளப் பள்ளிக்கூடத்தில் படித்தவள். என்னைவிட ஒரு வயது சின்னவள். அவளுக்குக் கை படத்தில்தான் போகும். சர்க்கார் டிராயிங் பரீட்சையில் பாஸானால் டீச்சர் வேலைக்குப் போகலாம். பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடம் ஒன்றில் டிராயிங் டீச்சர் இடம் காலியாகக் கிடந்தது. முடிவு வரும்வரை வேறு ஆள் எடுக்க மாட்டோம் என்று சொல்லியிருந்தார்கள்.

போன தடவை எழுதித் தோற்றிருந்தாள். பூ, இலை, குடம், கூஜா எல்லாம் நன்றாக வந்தது. ஜியோமெட்ரித் தாள்தான் கவிழ்த்துவிட்டது. கோடு, வட்டம், கோணம். இந்தத் தடவையும் தோற்றால் அந்த இடம் போய்விடும். மாமியார் கல்யாணப் பேச்சை நிறுத்தி வைத்ததும் பரீட்சை வரைக்கும்தான். வள்ளியூரில் ஒரு மாப்பிள்ளை இருந்தார். பெண் வேலைக்குப் போகக்கூடாது என்று அவர் வீட்டில் முதலிலேயே சொல்லிவிட்டார்கள்.

நாத்தனார் இதைப் பற்றி ஒன்றும் பேச மாட்டாள். டிராயிங் போர்டை மடியில் வைத்துக்கொண்டு வரைந்துகொண்டே இருப்பாள். அவ்வளவுதான்.

அப்போது பார்த்துக் கிணற்றடிப் பாசியில் வழுக்கி விழுந்தாள். கணுக்காலில் எலும்பு விரிசல் விட்டுவிட்டது. வைத்தியர் எண்ணெய்க் கட்டுப் போட்டார். கட்டுப் பிரிக்கிறவரை காலைத் தரையில் வைக்கக்கூடாது என்றார்.

அவளுக்குப் பள்ளிக்கூடத்தில் படம் சொல்லிக் கொடுத்த டீச்சர், வலியசாலைக்குப் போகிற வழியில் குடியிருந்தார். மலையாளத்து அம்மாள். வேலையிலிருந்து நின்றுவிட்டவர். வரைந்த தாள்களைக் கொண்டுவந்தால் பார்த்துக் குற்றம் சொல்கிறேன் என்று ஒப்புக்கொண்டிருந்தார். அவருக்கு முழங்காலில் வாதம். இவளால் அங்கே போக முடியாது. அவரால் இங்கே வர முடியாது. நடக்கிற கால் எனக்குத்தான் இருந்தது. காலையில் சாலைக் கடைத்தெருவுக்குக் காய் வாங்கப் போகும்போது தாள்களைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போவேன். டீச்சர் சொல்வதைக் கேட்டுவந்து வீட்டில் சொல்வேன்.

முதல் நாள் டீச்சர் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"பென்சில் நல்லோணம் செத்தான் பறயணும்."

எனக்குப் பகீரென்றது.

"யாரு டீச்சர் செத்தான்?" என்று கேட்டேன்.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு இடது கையில் ஒரு விரலை நீட்டி, வலது கையால் அதைச் சீவுகிற மாதிரி காட்டினார். மலையாளத்தில் செத்துவது என்றால் சீவுவது. பென்சிலை நன்றாகச் சீவச் சொல் என்றிருக்கிறார். இரண்டு பேரும் சிரித்தோம். மோர் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். எல்லாரும் சிரித்தார்கள். மாமியார் இரண்டு நாள் பென்சிலைப் பார்க்கும்போதெல்லாம் "செத்தவன் எப்படி இருக்கான்?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். எனக்கு வருத்தமில்லை. ஒரு வார்த்தை கற்றுக்கொண்டேன். இப்படியே போனால் மலையாளம் வந்துவிடும் என்று நினைத்தேன்.

அடுத்த தடவை போனபோது டீச்சர் சொன்னது இது.

"வரய்க்கு வண்ணம் கூடுதலா. குறய்க்கணும்."

இதற்குக் கையைக் காட்ட வேண்டியிருக்கவில்லை. வரை என்றால் கோடு. கூடுதல், குறைக்கணும், இரண்டும் நம் பேச்சு. வண்ணம் என்பது நான் பிறந்ததிலிருந்து தெரிந்த வார்த்தை. சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

நாத்தனார் கேட்டாள். "டீச்சர் எந்தா சொன்னாங்க மதினி?"

"கோடு ரொம்பக் கறுப்பாம். குறைக்கணுமாம்."

"கறுப்பா?" தாளைத் தூக்கிப் பார்த்தாள். "போன தடவையும் இதுதான் குற்றமா இருக்கும், அல்லே?"

"இருக்கும்" என்றேன்.

அன்று சாயங்காலம்தான் எல்லாரும் பென்சில்களைச் சுற்றி உட்கார்ந்தது.

வீட்டுக்காரர் தொடங்கினார். "கறுப்பைக் குறைக்கணும்னா அமுக்காம வரையணும். இதுக்கு எதுக்கு இத்தனை பேரு?"

"நான் அமுக்கல்லே அண்ணா. முனை ஊசியா இருந்தா தானே கறுப்பா விழுகு. ஆழமா இறங்குகில்லா."

"அப்போ ஊசியா சீவாதே" என்றார் மாமனார்.

"பின்னே எப்படிச் சீவ?"

"அதைத்தான் பாப்போம்."

அவரவருக்கு ஒரு வழி இருந்தது. மாமனார் பேனாக்கத்தியை உள்ளங்கையில் இரண்டு தடவை தீட்டிவிட்டு, மரத்தைச் சரிவாக, நீளமாக எடுத்தார். அவசரமே இல்லை. ஒரு பென்சில் முடிவதற்குள் நான் உலை வைத்துவிட்டு வந்தேன். வீட்டுக்காரர் பிளேடில் சடசடவென்று சீவினார். கரி நீளமாக வெளியே வந்து பார்க்க அழகாக இருந்தது. தாளில் வைத்ததும் ஒடிந்தது. இன்னொன்று சீவினார். விரல் வெட்டியது.

"ரத்தத்துல கோடு போட்டா கறுப்பா இருக்காது, கேட்டியா?" என்றார் மாமியார்.

"நீ சீவு பாப்போம்."

மாமியார் அரிவாள்மணையில் பென்சிலை வைத்து முருங்கைக்காய் மாதிரி ஒரே வெட்டாக வெட்டினார். மரமும் கரியும் சேர்ந்து சாய்வாகப் போயின.

"எம்மா, இது சாம்பாருக்கா?" என்றாள் நாத்தனார்.

"ஏன், எழுதாதா?"

எழுதியது. பட்டையாக, சாம்பல் நிறத்தில். மற்ற எல்லாவற்றையும்விட வெளுப்பாகவே விழுந்தது. எல்லாரும் கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். மாமியார் யாரையும் பார்க்காமல் வெண்டைக்காயை எடுத்து நறுக்க ஆரம்பித்துவிட்டார்.

நாத்தனாரிடம் ஒரு கட்டர் இருந்தது. பென்சிலை உள்ளே விட்டுத் திருகுகிற சின்னத் தகரச் சாமான். போன பரீட்சைக்கு அதில்தான் சீவிக்கொண்டு போயிருந்தாள். அது முனையை ஊசியாக்கும். அதனால் கறுப்பாகும் என்று தள்ளி வைத்தோம்.

கடைசியில் முடிவானது இது. மாமனார் கத்தியால் மரத்தை எடுப்பது. கரியின் முனையைத் தாளில் தேய்த்துத் தேய்த்து மொட்டையாக்குவது. மொட்டை முனை, லேசான கை. போதாததற்கு வீட்டுக்காரர் மறுநாள் சாலைக் கடைத்தெருவிலிருந்து 'நாலு எச்' என்று அச்சடித்த பென்சில் வாங்கி வந்தார். எச் கூடக் கூடக் கரி கடினம், கோடு வெளுப்பு. கடைக்காரர் அப்படிச் சொல்லிக் கொடுத்திருந்தார்.

நாத்தனார் அதில் வரைந்தாள். கோடு பனி மாதிரி விழுந்தது. எங்களுக்குத் திருப்தி.

டீச்சர் வீட்டுக்குத் தாளைக் கொண்டுபோனேன். அவர் பார்த்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். வாசலுக்கு நகர்ந்து வெயிலில் பிடித்துப் பார்த்தார்.

"வண்ணம் பின்னெயும் கூடியல்லோ."

"குறைச்சிருக்கு டீச்சர். நல்லாப் பாருங்க."

"கூடி. காணானும் வய்யா."

வீட்டில் வந்து சொன்னேன். "இன்னும் கறுப்பாம். கண்ணுக்கும் தெரியலையாம்."

மாமியார் கையை உதறினார். "கறுப்பா இருந்தா எப்படித் தெரியாமப் போகும்? முதல்ல அந்த அம்மையைக் கண்ணாஸ்பத்திரிக்குப் போகச் சொல்லு."

மாமனார் அன்று இன்னும் மொட்டையாகத் தேய்த்துக் கொடுத்தார்.

மூன்றாம் தடவை நான் தாளைப் பிரித்தபோது, இதில் ஏதாவது வரைந்திருக்கிறதா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. டீச்சர் தாளைச் சாய்த்துப் பார்த்தார். விரலால் கோட்டின் குறுக்கே தடவினார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. தாளைச் சுருட்டி என் கையில் கொடுத்துவிட்டு மெதுவாகச் சொன்னார்.

"இங்ஙனெயாணெங்கில் பரீட்சய்க்குப் போகண்டா. தோற்றுபோகும்."

இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

அன்று காய் வாங்கவில்லை. நேராக வீட்டுக்கு வந்தேன். வழியில் என்ன சொல்வது என்று யோசித்தேன். ஒன்றும் கிடைக்கவில்லை. உள்ளதைச் சொன்னேன்.

மத்தியானம் வீட்டுக்காரரும் மாமனாரும் சாப்பிட வந்திருந்த நேரம். நாத்தனார் கேட்டுக்கொண்டாள். போர்டிலிருந்து டிராயிங் பின்களைப் பிடுங்கி டப்பாவில் போட்டாள். போர்டைச் சுவரோரம் சாய்த்து வைக்கச் சொன்னாள்.

"நான் போகல்லே" என்றாள்.

மாமியார் சோறு போட்டுக்கொண்டே சொன்னார். "போகாட்டா வேண்டாம் மக்களே. வள்ளியூர்லேருந்து ஆள் வந்து கேட்டுட்டுத்தான் போனான். கால் சரியாகட்டும், வரச்சொல்லுவோம்."

அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். வீட்டுக்காரர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். மாமனார் ரசம் கேட்கவில்லை.

எனக்குத்தான் ஆத்திரம் வந்தது. வெயிலில் போய் வந்தவள் நான். வாங்கிக் கட்டிக்கொண்டு வந்ததும் நான்.

"மொட்டையாக்கியாச்சு. நாலு எச் வாங்கியாச்சு. கோடு இருக்கா இல்லையான்னு எனக்கே தெரியலை. இன்னும் வண்ணம் கூடுதல், வண்ணம் கூடுதல்னா எங்கே போய்க் குறைக்க?"

நாத்தனார் திரும்பினாள்.

"எந்தா சொன்னீங்க மதினி?"

"எங்கே போய்க் குறைக்கன்னு கேட்டேன்."

"அதுக்கு முன்னாலே."

"வண்ணம் கூடுதல்."

"டீச்சர் அந்த வார்த்தையா சொன்னாங்க? வண்ணம்னா?"

"ஆமா. ஒவ்வொரு தடவையும் அதைத்தான் சொல்லுதாங்க. நான்தான் நிறம்னு, கறுப்புன்னு வந்து சொல்லுதேன்."

அவள் இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டாள்.

"மதினி, வண்ணம்னா நிறம் இல்லே. தடிமன். கோடு தடியா இருக்குன்னு சொல்லியிருக்காங்க. தடியா இருக்கு, மெல்லிசாக்குன்னு."

 நாங்கள் ஒரு வாரமாகச் செய்ததை எல்லாரும் மனசுக்குள் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தோம் என்று நினைக்கிறேன். டீச்சர் மெல்லிசாக்கச் சொல்லச் சொல்ல, நாங்கள் முனையை மொட்டையாக்கிக்கொண்டே போயிருக்கிறோம்.

முதலில் சிரித்தது மாமியார்தான். கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

"ஏ பிள்ளே, போன மாசம் அடுத்த வீட்டு அம்மை இவனைப் பார்த்து, வண்ணம் வச்சல்லோன்னு சொன்னாளே. நீயும் ஆமா ஆமான்னியே. என்னன்னு நினைச்சே?"

"நிறம் கொஞ்சம் தெளிஞ்சிருக்காருன்னு நினைச்சேன்."

"அவ தொப்பையைச் சொல்லியிருக்கா."

வீட்டுக்காரர் குனிந்து வயிற்றைப் பார்த்துக்கொண்டார். நாத்தனார் சிரித்துச் சிரித்து, கால் அசைந்து, வலியில் முகம் சுளித்து, மறுபடியும் சிரித்தாள். மாமனார் ரசம் கேட்டார்.

சாப்பிட்டு முடித்துக் கை கழுவியபின் அவர் சொன்னார். "இனிமே வார்த்தை கொண்டுவர வேண்டாம். பென்சிலைக் கொண்டுவரட்டும். அந்த அம்மை எப்படிச் சீவுகாளோ, அதுல ஒண்ணு."

நாத்தனார் போர்டைத் திரும்ப எடுத்துத் தரச் சொன்னாள்.

மறுநாள் டீச்சரிடம் நடந்ததைச் சொன்னேன். எனக்குத் தெரிந்த மலையாளத்திலும் அவருக்குத் தெரிந்த தமிழிலும் கை அசைவிலும் சொல்லி முடித்தேன். அவருக்குப் புரிந்தபோது முழங்காலைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு உள்ளே போய் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு பென்சிலை எடுத்து வந்தார். பழைய பென்சில். முனை முறியாமல் இருக்கத் துணி சுற்றிக் கொடுத்தார். "உளி போலெ" என்றார். அந்த வார்த்தை இரண்டு பக்கமும் ஒன்றுதான். இருந்தாலும் நம்பவில்லை. கேட்டு உறுதி செய்துகொண்டேன்.

வீட்டில் துணியை அவிழ்த்தோம். ஒரு பக்கமாகப் பார்த்தால் கரி அகலமாக இருந்தது.

"இது மழுங்கினதுல்லா?" என்றார் வீட்டுக்காரர். "வேற ஏதோ மாத்திக் குடுத்துட்டாங்க."

நாத்தனார் வாங்கித் திருப்பினாள். பக்கவாட்டில் கரி பிளேடு மாதிரி மெலிந்திருந்தது. தச்சன் உளியை அப்படியே சின்னதாக்கின மாதிரி. கோடு இழுக்கிற மரச்சட்டம், டீ ஸ்கொயரைத் தாளில் வைத்து, அகலப் பக்கம் மரத்தோடு ஒட்டும்படி பிடித்து, இழுத்தாள். தலைமுடி மாதிரி கோடு விழுந்தது. கறுப்பாகவும் இருந்தது. பக்கத்தில் இன்னொன்று. இன்னொன்று. தாள் நிறையப் போட்டாள். கடைசிக் கோடும் முதல் கோடு மாதிரியே இருந்தது.

அப்போதுதான் போன பரீட்சையில் நடந்ததும் விளங்கியது. கட்டரில் சீவினால் முனை ஊசிதான். ஆனால் ஊசி முதல் கோட்டோடு சரி. மூன்றாவது கோட்டில் தேய்ந்து உருண்டுவிடும். அதற்குப் பிறகு எல்லாம் கயிறு. உளி முனை ஒரு புள்ளியில் தேயாது, நீளத்தில் தேயும். அதனால் தாங்கும்.

அடுத்தது அந்த முனையை நாங்கள் செய்வது எப்படி என்பது.

மரத்தை எடுப்பதில் மாமனார் கத்திதான் நின்றது. பிளேடு வளைந்துகொடுக்கிறது. மரம் ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்குகிறது. அரிவாள்மணையைப் பற்றி மாமியாரே பேச்சை எடுக்கவில்லை. மரத்தை நீளச் சரிவாக எடுத்து, கரி விரல் நக அளவு வெளியே நிற்க வேண்டும். அதிகமானால் ஒடியும். குறைந்தால் தேய்க்கப் பிடிபடாது.

கரியைக் கத்தியால் செதுக்கினால் பொரிந்தது. தேய்க்கத்தான் வேண்டும். எதில் தேய்ப்பது? சிமெண்டுத் தரையில் தேய்த்தோம். சொரசொரப்பு அதிகம். நாத்தனாரின் பழைய சிலேட்டில் தேய்த்தோம். வழுக்கியது. மாமனார் யாரிடமும் சொல்லாமல் அடுக்களைக்குப் போய் அம்மியின் ஓரத்தில் தேய்த்துப் பார்த்திருக்கிறார். அது சுமாராக வந்திருக்கிறது. கழுவ மறந்துவிட்டார். மறுநாள் காலை தேங்காய்த் துவையல் சாம்பல் நிறத்தில் வந்தது.

மாமியார் அம்மியைப் பார்த்தார். மாமனாரைப் பார்த்தார்.

"இதுல வண்ணம் கூடுதலா குறைவா, சொல்லுங்க."

மாமனார் துவையலைத் தொட்டுக்கொண்டு இட்லியைச் சாப்பிட்டார். "உப்பு சரியா இருக்கு" என்றார்.

உப்பு என்றதும் வீட்டுக்காரருக்கு உப்புத்தாள் நினைவு வந்தது. தச்சர்கள் கதவு நிலையைத் தேய்க்கிற தாள். மண்டிக்குப் பெட்டி அடிக்கிற தச்சரிடம் கேட்டு, ஆக நைசானதில் ஒரு துண்டு வாங்கி வந்தார். அதை விரல் அகல மரச்சில்லு ஒன்றில் சோற்றுப்பசை போட்டு ஒட்டினேன். காய்ந்ததும் கல் மாதிரி நின்றது.

கரியின் ஒரு பக்கத்தைத் தட்டையாகப் படுக்கவைத்து இழுக்க வேண்டும். திருப்பி மறுபக்கம். இரண்டு பக்கமும் ஒரே அளவு. அமுக்கக்கூடாது. முன்னும் பின்னும் உரசக்கூடாது, ஒரே திசையில் இழுக்க வேண்டும். பிறகு பழைய துணியில் துடைக்க வேண்டும். இல்லாவிட்டால் தூள் தாளில் அப்பும். முதல் நாள் எங்கள் யாருக்கும் சரியாக வரவில்லை. மறுநாள் நாத்தனாருக்கு வந்தது. எனக்கும் வந்தது. வீட்டுக்காரருக்குக் கடைசிவரை ஒரு பக்கம் சாய்ந்தே போனது. அவர் விட்டுவிட்டுக் குழந்தையைப் பார்த்துக்கொண்டார்.

எழுத்துப் போடுகிற பென்சிலுக்கு மட்டும் உருண்டை முனை வைத்தோம். அதை உப்புத்தாளில் உருட்டிக்கொண்டே தேய்ப்பது. நாலு எச்சை ஒதுக்கிவிட்டு பழைய ரெண்டு எச்சுக்கே திரும்பினாள்.

பரீட்சைக்கு முன்னால் கடைசியாகத் தாளைக் கொண்டுபோனேன். டீச்சர் கண்ணாடி போட்டுப் பார்த்தார். விரலால் தடவினார். தாளைத் திருப்பிக் கொடுத்தார்.

"மதி" என்றார்.

ஒரே வார்த்தை. வழியெல்லாம் அதைச் சொல்லிக்கொண்டே வந்தேன். தமிழாக்காமல், பொருள் சேர்க்காமல்.

"டீச்சர் மதின்னாங்க. அப்படியே சொல்லுதேன். எனக்கு அர்த்தம் தெரியாது."

நாத்தனார் முகம் மலர்ந்தது. "மதின்னா போதும்னு."

"போதும்னா நல்லதா கெட்டதா?" என்று கேட்டார் மாமியார். "போதும் நிறுத்துன்னும் சொல்லலாமே?"

"சிரிச்சுக்கிட்டே சொன்னாங்களா, மதினி?"

யோசித்தேன். "சிரிச்சுட்டு, மோர் குடுத்தாங்க."

"அப்போ நல்லது" என்றார் மாமனார்.

பரீட்சை நாளுக்குள் கட்டைப் பிரித்திருந்தார்கள். காலைப் பாதிதான் ஊன்ற முடிந்தது. கையில் கம்பு. வாடகை வண்டி சொன்ன நேரத்துக்கு வரவில்லை. வீட்டுக்காரர் ஓடிப்போய் மண்டிக் காளைவண்டியைப் பிடித்து வந்தார். மிளகாய் மூட்டை இறக்கின வண்டி. சாக்கு விரித்து அவளை உட்கார வைத்தோம். போகிற வழி முழுக்கத் தும்மிக்கொண்டே போனாள். பென்சில் பெட்டியை மட்டும் முந்தானையில் பொதிந்து வைத்திருந்தாள்.

பரீட்சை மண்டபத்துக்குள் எங்களை விடவில்லை. அங்கே பரீட்சை எழுத வந்த இரண்டு பெண்கள் ஆளுக்கொரு கை பிடித்து அவளை உள்ளே கூட்டிப் போனார்கள். நான் குழந்தையோடு வெளியே மாமரத்தடியில் உட்கார்ந்தேன். வீட்டுக்காரர் வண்டியைத் திருப்பிக் கொடுக்கப் போய்விட்டார். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் ரோட்டுக்கு எதிரே சோடாக் கடையில் மாமனார் நிற்கிறார். மண்டிக்குப் போகவில்லை. என்னைப் பார்த்தும் பார்க்காத மாதிரி சோடா குடித்துக்கொண்டிருந்தார்.

மத்தியானம் அவள் வெளியே வந்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"ஜியோமெட்ரிதானே?"

"ஆமா."

"எப்படி?"

"எழுதியாச்சு மதினி. ஒரு பென்சில் உருண்டு விழுந்து முனை போச்சு. அடுத்ததை எடுத்தேன்."

"கோடு?"

பெட்டியைத் திறந்து காட்டினாள். உளி முனைகள் தேய்ந்திருந்தன. ஆனால் உருண்டுவிடவில்லை.

"மெல்லிசு" என்றாள்.

அதற்கு மேல் நான் கேட்கவில்லை. கொண்டுபோயிருந்த எலுமிச்சம் சாதத்தைச் சாப்பிட்டாள். நான் உப்புத்தாளை எடுத்து, சாயங்காலத் தாளுக்கு வேண்டிய பென்சில்களைத் தேய்த்துக் கொடுத்தேன். திரும்ப உள்ளே போனாள்.

முடிவு வருவதற்குள் வள்ளியூரிலிருந்து ஒரு தடவை ஆள் வந்தது. மாமியார் காப்பி கொடுத்து, பெண்ணுக்குக் கால் இன்னும் சரியாகவில்லை என்று அனுப்பிவிட்டார். அப்போது அவள் நன்றாகவே நடந்துகொண்டிருந்தாள். நாத்தனார் என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். மாமியார் காப்பித் தம்ளரைக் கழுவப் போய்விட்டார்.

வீட்டுக்காரர் சாப்பாட்டு நேரம் அல்லாத நேரத்தில் வீட்டுக்கு வருகிறவர் அல்ல. ஒரு நாள் முற்பகலில் வந்தார். கிணற்றடியில் நின்று முகம் கழுவினார்.

"என்னடே, நேரங்கெட்ட நேரத்துல?" என்று மாமியார் கேட்டார்.

"பேப்பர்ல நம்பர் இருக்கு" என்றார்.

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்ப மண்டிக்குப் போய்விட்டார். நாத்தனார் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். சுளகைக் கீழே வைத்தாள். பிறகு திரும்ப எடுத்துப் புடைத்து முடித்தாள். கொஞ்சம் அரிசி வெளியே சிந்தியது. நான் பொறுக்கினேன்.

சாயங்காலம் டீச்சர் வீட்டுக்கு அவளே நடந்து போனாள். நான் கூடப் போனேன். இரண்டு பேரும் பேசினார்கள். நான் ஒன்றும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மோர் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அன்று பேசியதில் முக்கால்வாசி எனக்கு விளங்கியது.

பள்ளிக்கூடம் திறந்ததும் வேலைக்குச் சேர்ந்தாள். முதல் நாள் சாயங்காலம் அவள் வரும்போது எல்லாரும் வீட்டில் இருந்தோம். கால் கழுவிவிட்டு உள்ளே வந்தாள். மத்தியானம் சாப்பிட்டாயா என்று மாமியார் கேட்டார். ஹெட்மிஸ்ட்ரஸ் கண்டிப்பா என்று வீட்டுக்காரர் கேட்டார். காலில் வீக்கம் உண்டா என்று நான் கேட்டேன். ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள்.

மாமனார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"கிளாஸ்ல பிள்ளைகள் எத்தனை?"

"நாற்பத்தி ரெண்டு."

மாமனார் பேனாக்கத்தியை எடுத்து உள்ளங்கையில் தீட்ட ஆரம்பித்தார்.